சர்க்கரையை எடுத்தால் ஈரமும் போகும்: சின்னக் குழந்தைகளின் நாலு மணித் தீனி

மதியத் தூக்கம் கலைந்து குழந்தை எழுந்ததும் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் கைக்கு வருவது பெரும்பாலும் பாலில் தோய்த்த பிஸ்கட், இல்லாவிட்டால் ரஸ்க், அதுவும் இல்லாவிட்டால் வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி. சர்க்கரையைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: அதே பண்டத்தை, அதே அளவில், இனிப்பை மட்டும் விட்டுவிட்டுச் செய்து பார்ப்பார்கள். கொழுக்கட்டை கல்லாக வரும், அடை வெடிக்கும். குழந்தை ஒரு வாய் கடித்துத் துப்பும். "இனிப்பு இல்லாம எங்க புள்ள தொடாது" என்று ஆயா, அதாவது பாட்டி, தீர்ப்பு எழுதிவிடுவார்.

குழந்தை துப்பியதற்குப் பாதிக் காரணம் ருசி, பாதிக் காரணம் பதம். சர்க்கரையும் வெல்லமும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு இறுகாமல் பார்த்துக்கொள்ளும். அதை எடுத்தால் இனிப்போடு சேர்ந்து ஈரமும் போய்விடும். போன இடத்தில் ஈரம் தருகிற வேறு ஏதாவது வரவேண்டும்: மசித்த வாழைப்பழம், வேகவைத்த சக்கரவள்ளி, குழைந்த பருப்பு, தயிர், தேங்காய்த் துருவல், கொஞ்சம் நெய். கீழே வரும் எல்லா அளவுகளும் இந்த ஒரு கணக்கில் போட்டவைதான்.

முதலில் சர்க்கரைக் கணக்கு. இரண்டு வயது முடியும் வரை சேர்த்த சர்க்கரை வேண்டாம். அதற்கு மேல், ஒரு நாள் சாப்பாட்டுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி. பத்தில் ஒரு பங்கு என்றால் 25 கிராம், இருபதில் ஒரு பங்கு என்றால் 12 கிராம் சொச்சம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். காலையும் மாலையும் பாலில் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டாலே 16 முதல் 20 கிராம் ஆகிவிடுகிறது. பிஸ்கட் இன்னும் கணக்கில் வரவில்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், பேரீச்சை சிரப் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். வெல்லத்தில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு குழந்தைக்குப் போடுகிற இரண்டு ஸ்பூனில் வருகிற இரும்பு, ஒரு கைப்பிடி கீரையை வேண்டாம் என்று ஒதுக்குகிற அளவுக்கு இல்லை. தேனுக்கு வேறு ஒரு தடையும் உண்டு: ஒரு வயதுக்குள் ஒரு துளிகூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஜவ்வாது மலைத் தேன் என்றாலும் இதே கதைதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது, முன்பக்கத்தில் இருக்கும் கோதுமைக் கதிர் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரியை மட்டும் தேடுங்கள். சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட் பலவற்றில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை சர்க்கரை இருக்கும். பிஸ்கட் ஒன்று சுமார் 4, 5 கிராம் எடை. ஆக, நாலு பிஸ்கட் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஸ்பூன். சேர்பொருள் பட்டியலில் இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று வந்தால் அவையும் சர்க்கரைதான், வேறு பெயரில்.

இனி அடுப்படி. வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கேவுரு என்கிற கேழ்வரகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. களி, கூழ், அடை எல்லாம் தெரியும். 100 கிராம் கேவுரில் கால்சியம் 364 மில்லிகிராம். பொடிசுக்குக் கொடுக்கும்போது முளைகட்டின மாவாக இருந்தால் இனிப்பே சேர்க்க வேண்டாம். தானியம் முளைவிடும்போது அதிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடைத்து மால்ட் சர்க்கரையாக்கும். அந்த லேசான தித்திப்பும் மணமும் போதும்.

அரை கிலோ கேவுரை நாலைந்து தண்ணீரில் கல் அரித்துக் கழுவி 8 மணி நேரம் ஊறவிடுங்கள். பங்குனிக்குப் பிறகு நம் ஊர் வெயிலில் நடுவில் ஒரு தடவை, நாலு மணி நேரத்தில், தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஊறும் பாத்திரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். பிறகு ஓட்டைத் தட்டில் அரை மணி நேரம் நன்றாக வடியட்டும். இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். சொட்டுகிற ஈரத்தோடு மூட்டை கட்டினால் நடுவில் இருக்கும் தானியத்துக்குக் காற்றுப் போகாமல் அழுகும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். கோடையில் 18 முதல் 24 மணி நேரம், மார்கழியில் ஒன்றரை நாள். துணி காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். வெள்ளை முளை 2, 3 மில்லிமீட்டர், அதாவது எறும்பு நீளம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வேர் பின்னிக்கொண்டு வளர்ந்துவிட்டால் மாவில் ஒரு பச்சை வாடையும் கசப்பும் தங்கும். மூட்டையைப் பிரிக்கும்போது கள் வாடை அடித்தாலோ, சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தாலோ பார்க்கவே வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

முளை வந்ததை ஒரு நாள் ஃபேனுக்கடியில் பரப்பி, அப்புறம் இரண்டு மணி நேரம் வெயில் காட்டி, அடி கனமான சட்டியில் சிறுதீயில் 6, 7 நிமிடம் வாசம் வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். சூடு அதிகமானால் கருகல் ருசி ஏறும், கஞ்சியை இளக்குகிற நொதியும் செத்துப்போகும். உள்ளங்கையில் தேய்த்தால் முளை உதிர்ந்துவிடும்; முறத்தில் புடைத்துவிடுங்கள். மிஷினுக்குக் கொண்டு போகும்போது முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாயோ மல்லியோ அரைத்த கையோடு உங்கள் கேவுரு உள்ளே போனால், குழந்தை அந்த மாவை வாயில் வைக்காது. காரணம் புரியாமல் நீங்கள் வெல்லம் சேர்ப்பீர்கள். பச்சரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு கைப்பிடி மாவைத் தனியே வாங்கி வீட்டுக்கு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். பேப்பரில் பரப்பி ஆறவிடாமல் டப்பாவில் மூடினால் மூடியில் வேர்த்து, பத்தே நாளில் கட்டி கட்டும். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் அரைக்காமல் இருப்பது நல்லது.

இந்த மாவில் கஞ்சி வைக்கும்போது ஒரு குழப்பம் வரும். 2 டேபிள்ஸ்பூன் மாவை அரை டம்ளர் ஆறின தண்ணீரில் கரைத்து, இன்னொரு அரை டம்ளர் சேர்த்துக் கிண்டினால், முதலில் கெட்டியாகும், பிறகு இளகும். மாவு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். முளைகட்டின மாவின் இயல்பே அது. இளகுவதால் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு சேர்த்தாலும் குழந்தையால் விழுங்க முடியும். சின்ன வயிற்றுக்குள் அதே அளவில் கூடுதல் சத்து போகிறது. கொதி வந்த பிறகும் 5, 6 நிமிடம் சிறுதீயில் விட்டு இறக்கி, அரை வாழைப்பழத்தை மசித்துப் போட்டு, கால் ஸ்பூன் நெய் விடுங்கள்.

அடைக்கு முளைகட்டாத சாதாரண மாவே நன்றாக வரும். மாவு 100 கிராம், பொடியாக நறுக்கின முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 4, தேங்காய்த் துருவல் 2 டேபிள்ஸ்பூன், சீரகம் கால் ஸ்பூன், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன். பருப்புதான் இங்கே முக்கியம். அது இல்லாத அடை ஆறினதும் அட்டையாகிவிடும். கீரையில் காம்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. நமக்கு நார், குழந்தைக்குத் தொண்டையில் முள். நன்றாகக் கொதித்த தண்ணீரை 100 மில்லி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். கோதுமையைப் போல மாவை இழுத்துப் பிடிக்கும் பசைச் சத்து கேவுரில் கிடையாது. சூடான தண்ணீர் பட்டு மாவுச்சத்து கொஞ்சம் வெந்தால்தான் ஒட்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். பத்து நிமிடம் மூடி வைத்து, ஈரத்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மிதமான தீயில் மூடி போட்டுப் பக்கத்துக்கு 2 நிமிடம். எட்டு அடை வரும், ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை. கூடவே விதை நீக்கின கொய்யாவோ, தோலும் கொட்டையும் எடுத்த சாத்துக்குடிச் சுளையோ கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பு உடலில் சேர உதவும். பக்கத்தில் டீ வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டீயா என்று கேட்காதீர்கள், டம்ளர் ஓரத்தில் ஒரு வாய் என்பது நம் வீடுகளில் நடக்கிற விஷயம்தான்.

உப்பு பற்றி ஒரு வரி: ஒரு வயதுக்குள் வேண்டாம், அதற்குப் பிறகும் மூன்று வயது வரை நாளெல்லாம் சேர்த்து 2 கிராமுக்குள். இனிப்பை எடுத்துவிட்டு உப்பை ஏற்றினால் ஒரு பழக்கத்துக்குப் பதில் இன்னொன்று வரும். சீரகம், கறிவேப்பிலைப் பொடி, தேங்காய், நெய் வாசம் போதும்.

சக்கரவள்ளிக் கிழங்கைக் குக்கரில் நாலு விசில் விட்டு எடுப்பவர்கள் அதன் இனிப்பில் பாதியை இழக்கிறார்கள். மெதுவாகச் சூடேறும்போதுதான் கிழங்கின் நொதி மாவுச்சத்தை இனிப்பாக்கும். சட்டென்று கொதிநிலைக்குப் போனால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. கால் கிலோ கிழங்கைத் தோலோடு இட்லித் தட்டில் வைத்து, ஆறின தண்ணீரிலிருந்தே சிறுதீயில் ஆரம்பித்து 35, 40 நிமிடம் ஆவியில் விடுங்கள். வித்தியாசம் நாக்கில் தெரியும். தண்ணீரில் முக்கி வேகவைத்தால் இன்னொரு தொல்லை: கிழங்கு நீர் குடித்துக் குழகுழவென்று ஆகி, தோசைக்கல்லில் போட்ட வடை கரண்டியோடு வந்துவிடும். ஆவியில் வெந்ததை மசித்து, ஒரு டம்ளருக்கு 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்துச் சின்ன வடையாகத் தட்டி நெய் தடவின கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடலாம். இதற்கு அரைக்கரண்டி எண்ணெய்கூட வேண்டியதில்லை.

வாழைப்பழ முட்டை அப்பம் இதைவிடச் சுலபம், பத்து நிமிட வேலை. நன்றாகக் கனிந்த ஏலக்கிப் பழம் இரண்டு, முட்டை ஒன்று, கேவுரு மாவு 2 டேபிள்ஸ்பூன். பழத்தை முதலில் தனியே மசித்துவிட வேண்டும். முட்டையோடு சேர்த்து மசித்தால் கட்டி நிற்கும். கலந்து 5 நிமிடம் வைத்தால் மாவு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஒரு டேபிள்ஸ்பூன் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது கிழியும். தீ கொஞ்சம் கூடினாலும் பழத்தின் சர்க்கரை சீக்கிரம் கருகி, வெளியே கறுப்பும் உள்ளே பச்சை முட்டையுமாக நிற்கும். பழம் காயாக இருந்தால் துவர்க்கும், அதற்குச் சர்க்கரை போட்டு மறைக்காமல் இரண்டு நாள் பொறுங்கள்.

அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு பாக்கெட்டில் ஏற்கெனவே வெல்லம் சேர்ந்திருக்கிறது. தெரியாமல் மேலே இன்னும் இரண்டு ஸ்பூன் போடுகிற வீடுகள் அதிகம். அந்த மாவையும் கேவுரு மாவையும் சரிபாதி கலந்து, தேங்காய்த் துருவல் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்துப் பிடிகொழுக்கட்டை பிடியுங்கள். மாவிலுள்ள வெல்லம் இளகித் தானே கொஞ்சம் ஈரம் விடும். கண்மூடித்தனமாக ஊற்றினால் கூழாகிவிடும். ஆவியில் 10 நிமிடம். இரண்டு வயது தாண்டின குழந்தைக்கு இந்த இனிப்பே தாராளம்.

பயறு வகையில் காராமணியும் பாசிப்பயறும் நம் பக்கத்துக்கு ஏற்றவை. 8 மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் மாவாக நசுங்குகிற வரை வேகவேண்டும். நசுங்காத கொண்டைக்கடலை, முழு மல்லாட்டை (நிலக்கடலை), பாப்கார்ன், முழுத் திராட்சை, பச்சை கேரட் துண்டு, தேங்காய்ச் சில்லு இவை எல்லாம் சிறு குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் சரியாகப் போய் அடைக்கிற அளவில் இருப்பவை. மல்லாட்டையைப் பொறுத்தவரை ஐந்து வயது வரை முழுதாகத் தராதீர்கள். 150 கிராம் மல்லாட்டையைச் சிறுதீயில் 10, 12 நிமிடம் வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் ஓரத்தில் ஒட்டும், மூன்று நாலு தடவை வழித்து விட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகும். பொறுமையில்லாமல் தண்ணீர் ஊற்றினால் இறுகிப்போகும், இரண்டாம் நாளே கெட்டும்விடும். இதை இட்லித் துண்டின் மேல் மெல்லிசாகத் தடவித்தான் தரவேண்டும். ஸ்பூனில் கட்டியாகக் கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கால் ஸ்பூன், பகல் நேரத்தில். தடிப்பு, வாந்தி, முகம் வீக்கம், மூச்சு இழுப்பு எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

கத்திரி வெயிலில் குழந்தைகள் எதையும் மெல்ல மாட்டார்கள். அப்போது கெட்டித்தயிர். ஆடையோடு கூடிய பாலில் உறைய வைத்த அரை கிலோ தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மூன்று நாலு மணி நேரத்தில் பாதியாகும். அடுப்படி ஆணியில் தொங்கவிட்டால் நம் மே மாதச் சூட்டில் சீக்கிரமே புளித்துவிடும். ஃப்ரிட்ஜுக்குள் வடிகட்டி மேல் வையுங்கள். நாலு ஸ்பூன் தயிருக்கு இரண்டு ஸ்பூன் பங்கனப்பள்ளி மாம்பழ மசியல். நுங்கு கிடைக்கிற நாட்களில் தோல் உரித்துக் கையால் மசித்துக் கொடுக்கலாம். முழுச் சுளை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், கவனம். கரும்பு ஜூஸ் வேண்டாம், ஒரு டம்ளரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. வீட்டில் பிழிந்த சாத்துக்குடிச் சாறுகூட ஒரு வயதுக்குள் தேவையில்லை, மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்குள், அதுவும் பழமாகத் தரமுடியாத நாளில்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மட்டும் இந்தச் சர்க்கரைப் பேச்சே எடுக்கக்கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருப்பது ருசிக்காக இல்லை; அது இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரையுங்கள். டப்பாவில் அடைத்த பழச்சுவைப் பானம் அதற்கு ஈடாகாது.

ஏற்கெனவே பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்குப் பழகின குழந்தையிடம் ஒரே நாளில் நிறுத்தினால் சண்டைதான். நாலு நாளைக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிடலாம். ஒரு புதுப் பண்டத்தை எட்டு, பத்து தடவை தட்டில் பார்த்த பிறகே வாயில் வைக்கிற குழந்தைகள் உண்டு. இரண்டு தடவை மறுத்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாலும் நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும், வயிறு முழுக்கப் பால் இருந்தால் அடை எப்படி உள்ளே போகும்? இரவில் இனிப்புப் பால் பாட்டிலோடு தூங்க வைப்பதை முதலில் நிறுத்துங்கள், மேல் முன்பற்கள் கறுப்பாவது அதனால்தான். மாமா, அத்தை வாங்கி வருகிற ஆற்காடு மக்கன் பேடாவை மறைத்து வைப்பது நடக்காத காரியம். இரண்டு வயதுக்கு மேல் என்றால் விசேஷத்தன்று ஒரு விரல்நுனி பிய்த்து, உள்ளே இருக்கும் முந்திரி, பாதாம் துண்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள். அன்று வேறு இனிப்பு வேண்டாம்.

பயணத்துக்கு எதைக் கட்டுவது? வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போவதாக வைத்துக்கொள்வோம். தயிரும் முட்டை அப்பமும் வெயிலில் தாங்காது, வீட்டிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள். கிழங்கு வடையும், தேங்காயும் வெங்காயமும் போடாமல் பருப்பு மட்டும் சேர்த்த கேவுரு அடையும், நன்றாக ஆறின பிறகு பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் மதியம் வரை இருக்கும்; சூட்டோடு டப்பாவில் மூடினால் வேர்த்து நூல் விடும். வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேங்காய் போட்ட அடையையே கட்டிவிட்டீர்கள் என்றால், பஸ் வழியில் இருக்கும் போளூர் தாண்டுவதற்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.